உங்கள் மேசையில் தங்கிய வீட்டு விதிகள் எவை, கைவிட்டவை எவை?

பதிவு 1 · இருபதுமுகம்

அனைவருக்கும் வணக்கம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஆறு ஆண்டுகளாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை எறிந்து கதைப் பாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்தை நடத்திவருகிறேன்; கதையையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்ளும் டிஎம் நான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பதினொன்று ஆகிவிடும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே இன்னும் பின்பற்றுகிறோம். இந்த ஆறு ஆண்டுகளில் நாங்களாகச் சேர்த்த விதிகள் இருபதுக்கும் மேல் இருக்கும். அவற்றில் இன்று மேசையில் உயிரோடு இருப்பவை நான்கோ ஐந்தோதான். மற்றவை ஏன் போயின, இவை ஏன் தங்கின என்று யோசித்தபோது எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு வீட்டு விதி என்பது புதிதல்ல. எதிராளியின் காயை ஒரு முறையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போகக்கூடாது என்பது ஒரு வீட்டில் சட்டமாக இருக்கும்; அடுத்த வீட்டில் அப்படியொன்றைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். நம் ஆட்டத்திலும் இது தொடக்கத்திலிருந்தே உண்டு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட மூன்று சிறு புத்தகங்கள் பல இடங்களில் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தன. அந்த இடைவெளிகளை ஒவ்வொரு மேசையும் தானே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் மேசையில் மிக நீண்ட காலம் தங்கிய விதி ஹீலிங் போஷன் என்னும் காயம் ஆற்றும் மருந்தைப் பற்றியது. 2014 விதிப்படி ஒரு குப்பி மருந்தைக் குடிக்க அந்தச் சுற்றில் ஒருவர் செய்யக்கூடிய முதன்மைச் செயலான முழு ஆக்‌ஷனும் போய்விடும். சாதாரண போஷன் இரண்டு 4 முகப் பகடையும் அதற்கு மேல் 2-உம், அதாவது சராசரியாக 7 ஹிட் பாயின்ட்தான் (உயிர்ப் புள்ளி) தருகிறது. எதிரியின் அடுத்த அடியிலேயே அது கரைந்துவிடும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை, பையிலேயே கிடந்து பழையதாகிவிடும். நாங்கள் வைத்த விதி இது: தன் மருந்தைத் தானே குடித்தால், அதே சுற்றில் கூடுதலாகச் செய்யும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். முழு ஆக்‌ஷனையும் செலவிட்டு நிதானமாகக் குடித்தால் பகடை எறிய வேண்டாம், முழு மதிப்பான 10-ஐ எடுத்துக்கொள்ளலாம். கீழே விழுந்து கிடப்பவருக்குப் புகட்டுவதற்கு மட்டும் முழு ஆக்‌ஷன் தேவை. 2024-இல் வந்த திருத்திய விதிநூல், குடிப்பதையும் புகட்டுவதையும் ஒருசேர போனஸ் ஆக்‌ஷனாக்கிவிட்டது. முதல் பாதியை மனமார வரவேற்கிறேன். ஆனால் சண்டையின் நடுவே ஒருவர் மண்டியிட்டு, நண்பனின் தலையைத் தூக்கி வைத்து மருந்தைப் புகட்டும்போது அதற்கென்று அவர் எதையாவது இழக்க வேண்டும். அந்த இழப்புதான் அந்தக் காட்சிக்கே கனம் கொடுக்கிறது. ஆகவே எங்கள் இரண்டாம் பாதியை விட மனமில்லை.

இரண்டாவது, ஹிட் பாயின்ட் பூஜ்யமாகி விழுந்து எழுவதற்கான விலை. ஐந்தாம் பதிப்பில் 60 அடி தொலைவிலிருந்து ஹீலிங் வேர்ட் என்ற மந்திரத்தைப் போனஸ் ஆக்‌ஷனில் சொன்னாலே விழுந்தவர் நான்கைந்து புள்ளிகளோடு எழுந்துவிடுகிறார். அடுத்த அடியில் மறுபடியும் விழுகிறார், மறுபடியும் எழுகிறார். ஒரே சண்டையில் எங்கள் ஃபைட்டர் (முன்னால் நின்று வாள் வீசும் பாத்திரம்) மூன்று முறை இப்படி விழுந்தெழுந்தபோது மேசையில் யாருக்கும் பதற்றமே இல்லை. ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, பூஜ்யத்திலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு களைப்புப் படி ஏறும் என்று வைத்தோம். விதிநூலில் களைப்புக்கு ஆறு படிகள். ஆறாவது படி மரணம்.

இனி, கைவிட்ட விதி. தாக்கும் 20 முகப் பகடையில் இருபது விழுந்து கிரிட்டிகல் அடியாகும்போது சேதப் பகடையை இருமடங்காக எறிவதற்குப் பதிலாக, ஒரு பங்கை முழு மதிப்பாக வைத்துக்கொண்டு மறு பங்கை மட்டும் எறிவது பல மேசைகளில் பரவலாக இருக்கும் விதி. இருபது விழுந்த மகிழ்ச்சியில் எறிந்தால் சேதப் பகடையில் இரண்டு ஒன்றுகள் விழும் ஏமாற்றம் இதில் கிடையாது. அதனால்தான் நாங்களும் வைத்தோம், வீரர்களும் மகிழ்ந்தார்கள். மூன்றாம் மாதத்தில் எங்கள் குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். முதல் நிலை விஸார்டு (மந்திரவாதி), 8 ஹிட் பாயின்ட். பாத்திரத் தாளின் ஓரத்தில், தன் மந்திரத்துக்குத் துணையாக வரும் ஆந்தையைப் பென்சிலால் இழை இழையாக வரைந்து கொண்டுவந்திருந்தார். ஆட்டம் தொடங்கி நாற்பது நிமிடத்தில் ஆர்க் என்னும் அரக்க உயிர் ஒன்று கோடரியை ஓங்கியது, பகடையில் இருபது. ஆர்க்கின் பெருங்கோடரிக்கு 12 முகப் பகடையும் கூட 3-உம் சேதம். எங்கள் விதிப்படி முழு மதிப்பு 12, எறிந்ததில் 1, கூட 3, மொத்தம் 16. பகடை காட்டக்கூடிய மிகக் குறைந்த எண்ணே விழுந்திருந்தது. பூஜ்யத்துக்குப் போன பிறகும் மிஞ்சும் சேதம் முழு ஹிட் பாயின்ட்டுக்குச் சமமானால் அந்த இடத்திலேயே மரணம் என்பது நூலில் உள்ள விதி. 16-இல் 8 போக மிச்சம் 8. அவர், விழுந்தவர் பிழைப்பாரா என்று பார்க்கும் டெத் சேவ் எறியப் பகடையைக் கையில் எடுத்துவிட்டார். அதற்கு இடமில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். நூல் விதியின்படி அதே இருபது விழுந்திருந்தால் அவர் உடனே சாக 54 சதவீத வாய்ப்பு. எங்கள் விதியோ அதை 100 சதவீதம் ஆக்கியிருந்தது. இரு தரப்புக்கும் பொதுவாக எழுதிய விதி இருவர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஓர் ஆர்க் மூன்று சுற்று வாழ்ந்து மடிகிறது. ஒரு வீரரின் பாத்திரமோ தொடர் ஆட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான அடிகளை எதிர்கொள்கிறது. பகடையின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டும் எந்த விதியும், நெடுநாள் வாழ வேண்டியவரையே கடைசியில் தண்டிக்கும்.

ஆகவே என் கேள்வி: உங்கள் வீட்டு விதிகள் யார் மேல் விழுகின்றன? நீங்கள் எதிர்பார்த்தவர் மேலா, வேறொருவர் மேலா?

பதிவு 2 · தாழ்வாரம்

நண்பர் இருபதுமுகம் சொன்னதற்கு இன்னொரு தெளிவான சான்று, ஒன்று விழுந்தால் விபத்து என்னும் விதி. தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால் நூல்படி அடி தவறுகிறது, அவ்வளவுதான். பல மேசைகளில் அதற்கு மேலும், வாள் கைநழுவும், வில்லின் நாண் அறும், பக்கத்தில் நிற்கும் நண்பன் மேல் அடி விழும் என்று சேர்க்கிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகள் சேர்த்திருந்தேன்.

ஒரு சுற்றில் ஒரு முறை தாக்குபவருக்கு விபத்து வாய்ப்பு 5 சதவீதம். ஐந்தாம் நிலையில் ஃபைட்டர் இரு முறை தாக்குகிறார். வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். பதினொன்றாம் நிலையில் மூன்று முறை, 14 சதவீதம். இருபதாம் நிலையில் நான்கு முறை தாக்கும்போது 18 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வாழ்நாளெல்லாம் வாள் பயின்ற ஒருவர், நேற்று வாளை எடுத்தவரைவிட மூன்று மடங்குக்கு மேல் அதைத் தவறவிடுகிறார் என்பதுதான் இந்த விதி சொல்லும் கதை. பக்கத்தில் நிற்கும் விஸார்டு ஃபயர்பால் வீசினால் எதிரிகள்தான் பகடை எறிகிறார்கள்; அவருக்கு விபத்தே கிடையாது. ஏற்கெனவே மந்திரக்காரர்கள் ஓங்கி நிற்கும் ஆட்டத்தில், வாள் பிடிப்பவருக்கு மட்டும் இன்னொரு சுமை.

என் மேசையில் அதை இப்படித் திருத்தினோம்: 1 விழுந்தால், ‘ஏதேனும் விபத்தை ஏற்கிறீர்களா?’ என்று கேட்பேன். ஏற்றால் என்ன விபத்து என்பதை வீரரே சொல்ல வேண்டும். பதிலுக்கு ஓர் இன்ஸ்பிரேஷன், அதாவது பின்னர் ஒரு வீச்சில் சாதகம் தரும் பரிசு, கிடைக்கும். மறுத்தால் அடி தவறியதோடு சரி. கட்டாயமாக இருந்தபோது முகம் சுளித்தவர்களே, கேட்டு வாங்கும்போது தம் பாத்திரத்துக்கு என்னைவிடக் கடுமையான விபத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கயிற்றுப் பாலத்தின் மேல் நின்று சண்டையிட்ட எங்கள் ரோக் (திருட்டுக்கலை தெரிந்த பாத்திரம்), தன் கத்தி பாலத்தின் கயிற்றிலேயே பட்டு அறுத்துவிட்டதாகத் தானே சொன்னார். நான் அதை ஒருபோதும் அவர் மேல் சுமத்தியிருக்க மாட்டேன்.

பதிவு 3 · மணற்கடிகாரம்

இருபதுமுகம் அவர்களுக்கு, உங்கள் கேள்வி மிகச் சரியானது. அதனாலேயே அதை உங்கள் இரண்டாவது விதியின் மேலேயே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். விழுந்தெழுந்தால் களைப்பு என்னும் விதி யார் மேல் விழுகிறது?

முன்னால் நிற்பவர் மேல் விழுகிறது. மற்ற நால்வரைக் காக்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்தான் விழுகிறார். அவருக்குத்தான் களைப்பு ஏறுகிறது. 2014 நூலில் முதல் படியிலேயே திறன் சோதனைகளில் பாதகம், இரண்டாவதில் நடை பாதியாகும், மூன்றாவதில் தாக்குதலிலும், ஆபத்தைத் தவிர்க்க எறியும் சேவிங் த்ரோவிலும் பாதகம். ஒரு முழு இரவு ஓய்வு ஒரு படியைத்தான் குறைக்கும். நீங்கள் சொன்ன அந்த ஃபைட்டர் மூன்று முறை விழுந்தார் என்றால், அவர் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று இரவுகள் தேவை. அவர் அடுத்த சண்டையில் இன்னும் எளிதாக விழுவார், இன்னும் களைப்பார். இதற்கு முழுக் காரணமான முடிவு, ‘அவர் விழட்டும், விழுந்த பின் எழுப்பினால் மந்திரம் மிச்சம்’ என்று பின்னால் நின்று கணக்குப் போட்ட, காயம் ஆற்றும் மந்திரக்காரரான க்ளெரிக்கினுடையது. அந்த முடிவுக்கு உங்கள் விதியில் விலையே இல்லை.

நாங்கள் மூன்று ஆண்டுகளாகக் கையாளும் விதி வேறு. நூலின்படி, ஒருவர் ஒரு புள்ளியாவது மீண்டும் பெற்றதும் அவருடைய டெத் சேவ் கணக்கு, வெற்றியும் தோல்வியும், அழிந்துவிடும். எங்கள் மேசையில் வெற்றிகள் அழியும். தோல்விகள் முழு இரவு ஓய்வு வரை அழியாது. இவ்வளவுதான் மாற்றம், ஒரு வரி. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். டெத் சேவ் எறிவது விழுந்தவரின் முறை வரும்போது. அந்த முறை வருவதற்கு முன்பே க்ளெரிக் வந்து எழுப்பிவிட்டால் பகடையே எறிய வேண்டாம், எந்தத் தழும்பும் இல்லை. ‘இன்னொரு சுற்றுப் பொறுக்கலாம்’ என்று அவர் நினைத்தால், அந்தப் பொறுமையின் விலை நண்பனின் தாளில் ஓய்வு வரை அழியாத ஒரு குறியாக விழக்கூடும். விலை விழுந்தவர் தாளில்தான் எழுதப்படுகிறது, உண்மைதான். ஆனால் அதைத் தடுக்கும் வாய்ப்பு எழுப்ப வேண்டியவர் கையில் இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. எங்கள் க்ளெரிக் இப்போதெல்லாம் சண்டை தொடங்கியதும் முதலில் பார்ப்பது, யார் முதலில் ஆடுவது என்னும் இனிஷியேட்டிவ் வரிசையில் தனக்கு அடுத்து யார் என்பதைத்தான்.

டெத் சேவில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்பதால், யாரும் உதவாவிட்டாலும் தனியாகப் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். ஏற்கெனவே ஒரு தோல்வியோடு விழுபவருக்கு அது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த அச்சம் போதும், களைப்பு தேவையில்லை.

பதிவு 4 · இருபதுமுகம்

இதை மூன்று முறை படித்தேன். நீங்கள் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. கிரிட்டிகல் விதியில் நான் கண்ட பிழையையே களைப்பு விதியில் நான்கு ஆண்டுகளாகக் காணாமல் இருந்திருக்கிறேன். எங்கள் ஃபைட்டரை ஆடுபவர் இதுவரை ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. அதனாலேயே நான் கேட்டும் பார்த்ததில்லை.

ஓர் ஐயம். விழுந்து கிடப்பவரை எதிரி அடித்தால் என்ன செய்கிறீர்கள்? மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள் நின்று அடித்தால் பட்ட அடி தானாகவே கிரிட்டிகல். கிரிட்டிகல் என்றால் இரண்டு தோல்விகள். ஒரே அடியில் அழியாத இரண்டு குறிகள் விழுந்தால் அது க்ளெரிக்கின் முடிவல்லவே, டிஎம்மின் முடிவாகிவிடுமே.

பதிவு 5 · மணற்கடிகாரம்

அதை நாங்களும் பட்டுத்தான் திருத்தினோம். விழுந்தவர் தாமே எறிந்து தவறிய தோல்விகள் மட்டும் நிற்கும். எதிரியின் அடியால் வந்தவை அவர் எழுந்ததும் அழிந்துவிடும்.

பதிவு 6 · பழைய வரைபடம்

நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக், எக்ஸ்பர்ட் தொகுதிகளின் வழியில் ஆடுபவன். ஐந்தாம் பதிப்புக்காரர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு மூன்று விதிகளைச் சொல்கிறேன்; அவை பொருள்களைப் பற்றியவை.

ஐந்தாம் பதிப்பில் ஒருவர் சுமக்கும் எடை அவருடைய வலிமை எண்ணின் 15 மடங்கு பவுண்டு. வலிமை 10 உள்ள சாதாரண ஆள் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ சுமக்கலாம். இந்தக் கணக்கை எந்த மேசையிலும் யாரும் தொடர்ந்து போட்டு நான் பார்த்ததில்லை. போடாததால் எல்லோரும் எல்லாவற்றையும் சுமக்கிறார்கள், எதை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வியே எழுவதில்லை. எடையை மறந்துவிட்டு, வலிமை எண் எவ்வளவோ அவ்வளவு கட்டங்களைத் தாளின் பின்பக்கம் வரைந்துகொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு கட்டம், கனமான கவசத்துக்கும் இருகை ஆயுதத்துக்கும் இரண்டு, நூறு காசுக்கு ஒன்று. கட்டம் நிரம்பினால் நிரம்பியதுதான். வலிமை 8 வைத்துக்கொண்டு வரும் விஸார்டு முதன்முறையாகத் தன் பையைத் திறந்து பார்ப்பார்.

அம்புகளை எண்ணுவதற்குப் பதில், 2016-இல் வந்த தி பிளாக் ஹேக் விளையாட்டில் உள்ள தேய்மானப் பகடையைப் பயன்படுத்துகிறோம். நிறைந்த அம்பறாத்தூணிக்கு 8 முகப் பகடை. சண்டை முடிந்ததும் எறிய வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் அது 6 முகப் பகடையாகக் குறையும், பிறகு 4 முகம், பிறகு ஒன்றுமில்லை. சராசரியாக ஒன்பது சண்டைக்கு வரும். ஆனால் எந்த ஒன்பது என்பது யாருக்கும் தெரியாது. கையில் 4 முகப் பகடையோடு குகைக்குள் இறங்கும் வில்லாளி, எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்திருப்பவரைவிட மிகுந்த கவனத்தோடு நடக்கிறார்.

ஆனால் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது கேடய விதி. பழைய பாணி ஆட்டக்காரர்களிடையே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் விதி இது: தன் மேல் பட்ட ஓர் அடியை, சேதம் சொன்ன பிறகும்கூட, ‘கேடயம் உடையட்டும்’ என்று சொல்லி முழுவதும் விலக்கலாம், கேடயம் சிதறிப்போகும். நூல்படி கேடயத்தின் பயன் காப்பு எண்ணில் 2 கூடுவது மட்டும், விலை 10 பொற்காசு. அதாவது தாளில் ஒரு முறை எழுதிவிட்டு மறந்துவிடும் பொருள். இந்த விதி வந்ததும் அதுவே ஒரு முடிவாகிவிடுகிறது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு குள்ளர் வீரன் தன் தந்தையின் கேடயத்தை ஏந்திவந்தான்; அதன் நடுவில் குலச் சின்னம். பதினான்கு அமர்வுகளில் மூன்று சாதாரணக் கேடயங்களை வாங்கி உடைத்தான். இதை முதுகிலேயே கட்டி வைத்திருந்தான். ஒரு நாள் கையில் இருந்தது அது மட்டும். 19 சேதம் என்று சொன்னேன், அவனுக்கு இருந்தது 11. அவனை ஆடும் நண்பர் தாளைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் அழிப்பானை எடுத்து, அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே அழித்தார். பிறகுதான் ‘உடையட்டும்’ என்றார். முப்பது ஆண்டுகளாக ஆடுகிறேன். ஒரு பொருளுக்காக மேசையில் அப்படியொரு அமைதி விழுந்ததை அன்றுதான் கண்டேன்.

இருபதுமுகம் அவர்களின் கேள்விக்கு: இது முன்னால் நிற்பவருக்கு ஒரு கொடை. மணற்கடிகாரம் அவர்கள் சொன்ன அநீதியைச் சற்றே ஈடுசெய்யும்.

பதிவு 7 · தேநீர்வேளை

பழைய வரைபடம் ஐயா, கேடய விதியை அடுத்த அமர்விலேயே சேர்க்கப்போகிறேன். மந்திரக் கேடயம் என்றால் என்ன செய்வீர்கள்?

நான் சொல்ல வந்தது ஆட்டம் தொடங்கும் முன்பே நிகழும் ஓர் ஏற்றத்தாழ்வைப் பற்றி. பாத்திரத்தின் ஆறு திறன் எண்கள் ஒவ்வொன்றுக்கும் நான்கு 6 முகப் பகடைகளை எறிந்து மிகக் குறைந்ததை விட்டுவிட்டு மீதியைக் கூட்டுவது, 1979-இன் டிஎம் வழிகாட்டியில் உள்ள முறைகளுள் முதலாவதாகத் தரப்பட்டது. இன்றும் எல்லோருக்கும் பிடித்தது. ஓர் எண்ணுக்குச் சராசரி 12.24. ஆறு எண்களில் ஒன்றாவது 18 விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருவர் உங்கள் மேசையில் இருந்து, பக்கத்து நாற்காலியில் இருப்பவருடைய மிக உயர்ந்த எண் 13 ஆக இருந்தால், அந்த இடைவெளி ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று தொடர் ஆட்டம் முழுக்க இருக்கும். என் அண்ணனும் நானும் முதன்முதலில் ஆடிய ஆட்டத்தில் அந்த 13-க்காரி நான். அண்ணன் எதைச் செய்தாலும் அது நடந்தது. நான் செய்ய வேண்டியதையும் ‘நீ விடு, நான் பார்க்கிறேன்’ என்று அவரே செய்தார். அவர் மேல் தவறில்லை, குழுவுக்கு அதுதான் நல்லது.

இப்போது நான் டிஎம்மாக இருக்கும் மேசையில், ஒவ்வொருவரும் ஆறு எண்கள் கொண்ட ஒரு தொகுதி எறிந்து அதைப் பலகையில் எழுதுவார்கள். ஐந்து பேர், ஐந்து தொகுதிகள். பிறகு யார் வேண்டுமானாலும் எந்தத் தொகுதியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே தொகுதியை ஐவரும் எடுத்தாலும் சரி. பகடை எறியும் மகிழ்ச்சி அப்படியே இருக்கிறது. ஒருவருக்கு 18 விழுந்தால் ஐவரும் கைதட்டுகிறார்கள், ஏனென்றால் அது ஐவருடையதும் ஆகிறது. குழு சற்று வலுவாகிவிடும் என்பது உண்மை. எதிரிகளில் ஒன்றைக் கூட்டினால் தீர்ந்தது.

பதிவு 8 · பழைய வரைபடம்

மந்திரக் கேடயம் முதல் அடியில் மந்திரத்தை இழக்கும், இரண்டாவது அடியில் உடையும்.

பதிவு 9 · சாம்பல்பறவை

நான் பெரும்பாலும் நடத்துவது 1981 முதல் வந்துகொண்டிருக்கும் கால் ஆஃப் கதுல்ஹு என்னும் திகில் துப்பறியும் ஆட்டம். துப்பறியும் ஆட்டங்களில் பகடை செய்யக்கூடிய பெருந்தீங்கு ஒன்று உண்டு. டிராகன் ஆட்டங்களில் வரும் மர்மக் கதைகளுக்கும் அது பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். கதை மேலே செல்ல இன்றியமையாத தடயத்தை ஒரு பகடை வீச்சின் பின்னால் ஒளித்து வைத்தால், அந்த வீச்சு தவறும் நாளில் கதை அங்கேயே நின்றுவிடும். இது எனக்கு நேர்ந்தது. நூலகத்தில் இருந்த ஒரு கடிதத்தை ஐந்து பேரும் தேடித் தவறினார்கள். மேற்கொண்டு ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் வேறு வழியின்றி ஒரு வேலைக்காரரை அழைத்துவந்து கடிதத்தைக் கையில் கொடுக்கச் செய்தேன். அவர்கள் முகத்தில் கண்டுபிடித்த மகிழ்ச்சி இல்லை.

அன்றிலிருந்து எங்கள் விதி: சரியான இடத்தில், சரியான திறமையோடு தேடினால் இன்றியமையாத தடயம் பகடையின்றியே கிடைக்கும். கம்ஷூ என்னும் ஆட்ட முறை முழுவதுமே இந்த அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. பகடை எறிவது, அதற்கு மேல் என்ன தெரியவருகிறது, எவ்வளவு நேரத்தில் தெரியவருகிறது, யாருக்குத் தெரியாமல் தெரியவருகிறது என்பதற்கு மட்டும்.

இன்னொன்றையும் கதுல்ஹுவின் ஏழாம் பதிப்பிலிருந்து எடுத்து எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைக்குக் கொண்டுபோனோம். தவறிய திறன் வீச்சை ஒரே ஒரு முறை மீண்டும் எறியலாம். ஆனால் இம்முறை வேறு என்ன செய்கிறேன் என்று வீரர் சொல்ல வேண்டும், மறுபடி தவறினால் என்ன நேரும் என்று டிஎம் எறிவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சண்டைக்கு இது கிடையாது. பூட்டைத் திறக்கத் தவறிய ரோக், ‘கம்பியை உள்ளே ஆழமாக விட்டு முழு பலத்தோடு திருப்புகிறேன்’ என்கிறார். ‘தவறினால் கம்பி உள்ளேயே முறியும், அந்தச் சத்தம் மாடிப்படி வரை கேட்கும்’ என்கிறேன். இப்போது எறிவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவெடுக்கிறார். ‘நான் எறிகிறேன், நீயும் எறி, அவரும் எறியட்டும்’ என்று ஐந்து பேரும் வரிசையில் நின்று ஒரே பூட்டை எறிந்து பார்ப்பது இதனால் அடியோடு நின்றது.

இருபதுமுகம் அவர்களின் கேள்விக்கு என் விடை: இந்த விதியின் சுமை முழுவதும் டிஎம் மேல் விழுகிறது. விளைவை முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சுமை இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பதிவு 10 · கல்தூண்

டிஎம் மறைப்புத் தட்டியை எடுத்துவிட்டு, எல்லாப் பகடையையும் எல்லோர் முன்னாலும் எறிவது மட்டும்தான் எங்கள் வீட்டு விதி. மூன்று ஆண்டுகளாகிறது. மேலே சொன்ன அந்த ஆந்தைப் பெண்ணின் மரணம் போன்ற ஒன்று நேரும்போது டிஎம்மால் பகடையை மறைத்து மாற்ற முடியாது என்பதால், இப்படிப்பட்ட விதிகள் முதலிலேயே சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் வருகிறது.

பதிவு 11 · வாசல்படி

கல்தூண் அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் மேசையில் ஆடுபவர்களில் மூவர் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். அவர்கள் முன் எல்லாவற்றையும் திறந்து எறிய எனக்கு இன்னும் துணிவில்லை. அதற்குப் பதிலாக, முதல் இரண்டு நிலைகளில் யாரும் அவர்களுடைய சம்மதமின்றிச் சாகமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கிறேன். விழுந்தால் பிடிபடலாம், எதையாவது இழக்கலாம், தழும்போடு எழலாம். பகடையை மறைத்து மாற்றுவதைவிட இது நேர்மையானது என்று தோன்றியது.

பிள்ளைகளோடு ஆடுபவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஜான் ஸ்டாவ்ரபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையை மேசையின் நடுவில் வைக்கிறோம். யாருக்கேனும் காட்சி தாங்க முடியாததாக இருந்தால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் அதை விட்டு நகர்ந்துவிடுவோம். முதலில் பெரியவர்கள் சிலர் இது ஆட்டத்தை மென்மையாக்கிவிடும் என்று தயங்கினார்கள். ஓராண்டில் அதை ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை தொட்டார்: சிலந்திகள் நிறைந்த குழியில் ஒரு சிறுவன். குழியில் சிலந்திக்குப் பதில் நீர் ஏறத் தொடங்கியது. ஆட்டம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அட்டை அங்கே இருப்பதால், நான் முன்பு தவிர்த்துவந்த இருண்ட காட்சிகளை இப்போது தயக்கமின்றி வைக்க முடிகிறது.

பதிவு 12 · இருபதுமுகம்

இந்த இழை தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. இடையில் இரண்டு அமர்வுகள் நடந்தன. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

களைப்பு விதியை எடுத்துவிட்டோம். எடுக்கும் முன் எங்கள் ஃபைட்டரை ஆடும் நண்பரிடம், இது உங்களுக்குச் சுமையாக இருந்ததா என்று முதன்முறையாகக் கேட்டேன். அவர், ‘அடுத்த பாத்திரம் வில்லாளியாக இருக்கட்டும் என்று போன ஆண்டே முடிவுசெய்துவிட்டேன்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மணற்கடிகாரம் அவர்களின் விதியை, எதிரியின் அடியால் வந்தவை அழியும் என்ற திருத்தத்தோடு அப்படியே எடுத்துக்கொண்டோம். கேடய விதியையும் சேர்த்தோம். கிரிட்டிகலுக்கு நூலில் உள்ளதே போதும் என்று விட்டுவிட்டோம்.

முதல் அமர்வில் எதுவும் நேரவில்லை. இரண்டாவதில், வெள்ளம் புகுந்த ஒரு சுரங்கத்தில் ஃபைட்டர் விழுந்தார். க்ளெரிக்கின் முறை அவருக்கு முன்னால் வந்தது. க்ளெரிக்கை ஆடுபவர் பழக்கத்தில் தன் தாக்குதல் பகடையை எடுத்தார். ஹீலிங் வேர்டைச் சொல்ல 60 அடிக்குள் நிற்க வேண்டும், அவர் நின்றது 75 அடி தள்ளி, இடுப்பளவு நீரில். நீரில் நடை பாதிதான், 30 அடி நடக்க வேண்டியவரால் 15 அடிதான் வர முடியும். சரியாக 60. அவர் கட்டங்களை விரலால் எண்ணினார், மறுபடி எண்ணினார், பகடையைக் கீழே வைத்துவிட்டுத் தன் பொம்மையை மூன்று கட்டம் முன்னால் நகர்த்தினார். ஃபைட்டரின் நண்பர் ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

அந்த ஃபைட்டரின் தாளில் இதுவரை ஒரு குறியும் விழவில்லை. வில்லாளியைப் பற்றி அதன் பிறகு பேச்சு எழவில்லை. தேநீர்வேளை அவர்கள் சொன்ன பொதுத் தொகுதியை அடுத்த தொடர் ஆட்டத்தில் முயல்வோம். அது தொடங்க இன்னும் நான்கு மாதமாகும், முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இப்போதைக்குச் சாம்பல்பறவை அவர்களிடம் ஒரு கேள்வி: மறுவீச்சின் விளைவை நீங்கள் சொன்னதும் வீரர் பின்வாங்கிவிட்டால், அந்தப் பூட்டை அவர் அன்று மறுபடி தொடலாமா, கூடாதா?